ஃபீஸ் எவ்வளவு, டாக்டர்?

நாய்க்கோ பூனைக்கோ நல்ல டாக்டர் யார் என்று கேட்பவர்களுக்கு, பெயரும் முகவரியும் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு வேலை கொடுப்பேன். முதல் தடவை போகும்போதே ஃபீஸ் எவ்வளவு என்று கேளுங்கள். வைத்தியம் முடிகிற வரைக்கும் தோராயமாக எவ்வளவு ஆகும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். தொகை கூடவா குறைவா என்பது அப்புறம். கேட்டவுடன் அவர் பேனாவை எடுத்து, இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று எழுதிக் காட்டினால் அங்கேயே இருங்கள். "சொந்தப் பிள்ளை மாதிரி வளர்க்கறீங்க, இதுக்குப் போய்க் காசு பார்ப்பீங்களா?" என்று சிரித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

இது கஞ்சத்தனம் இல்லை. மனிதர்களுக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் ஜி.ஹெச். இருக்கிறது. நாய் படுத்துவிட்டால் பெரும்பாலும் கைக்காசுதான். அதிலும் நோயாளிக்கு வாய் பேச வராது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, நேற்று தெருவில் எதைத் தின்றாய் என்று எதைக் கேட்டாலும் பதில் வராது. டாக்டர் டெஸ்ட்டை வைத்துத்தான் தேட வேண்டும். எந்த டெஸ்ட்டில் ஆரம்பிப்பது, எதோடு நிறுத்துவது என்பது அவருடைய படிப்பையும் நம்முடைய பர்ஸையும் பொறுத்தது. பர்ஸில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவரால் சரியாக முடிவெடுக்க முடியாது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் நம்மாலும் முடியாது. இரண்டு பேரும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அவதிப்படுவது மேஜை மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிற ஜீவன்தான்.

எங்கள் வீட்டில் பட்டு என்று ஒரு நாட்டு நாய், பெட்டை. கிட்டு என்று ஒரு கிழட்டுப் பூனை. சென்னையில்தான் இருக்கிறோம். எங்கள் டாக்டர் நடந்து போகிற தூரத்தில் இரண்டு அறை கிளினிக் வைத்திருக்கிறார். ஏசி உள் அறைக்கு மட்டும். வெளி அறையில் பெஞ்ச், எடை மெஷின், சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை முதல் நாளே நின்று படித்தேன். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை வருஷம். முடித்தவர்கள் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் அப்படிச் சொல்கிறது. மருந்துச் சீட்டில் அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட் ஷாப்பில் உட்கார்ந்து ஊசி போடுகிற ஆட்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். எங்கோ கிளினிக்கில் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர்கள். நூறு இருநூறு மிச்சம் என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு மறந்தாலே வீரியம் போய்விடும். கெட்டுப்போன ஊசியும் நல்ல ஊசியும் பார்க்க ஒன்றுதான். குட்டிக்கு ஒன்றும் ஆகாது, அழாது, காய்ச்சல் வராது. ஆறு வாரம் கழித்து பார்வோ என்கிற வைரஸ் வாந்திபேதி வரும்போதுதான் தெரியும். எங்கள் டாக்டர் ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்து, நம் கண் முன்னால் கலக்கி, குப்பியின் மேலிருக்கிற சின்ன ஸ்டிக்கரை உரித்துத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டுவார். அந்த ஸ்டிக்கரில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் கையெழுத்து, தேதி, அடுத்த தேதி. ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தால் அது எந்த ஊசி, எப்போதைய ஊசி என்று கேட்டுவிட வேண்டியதுதான்.

போன சித்திரையில் பட்டு சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள். ஒரு வேளை விட்டால் வெயில் என்று சொல்லலாம். அடுத்த வேளையும் அப்படியே. மூக்கு காய்ந்திருந்தது, கண்ணில் தெளிவு இல்லை. டாக்டர் முதலில் எந்த மெஷினிடமும் போகவில்லை. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்து, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டுமாம். அப்புறம் காதை மடக்கிப் பார்த்தார். கால் விரல்களின் நடுவே விரலை விட்டுத் துழாவி, மிளகு சைஸில் ஒரு உண்ணியை எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்தார்.

"சார், உண்ணிக் காய்ச்சலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரத்தம் எடுத்து, அணுக்களை எண்ணற சி.பி.சி.யும் மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்க்கற ஸ்மியரும் பண்ணணும். ரெண்டும் சேர்த்து அறுநூறு ரூபா ஆகும். பிளேட்லெட் எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரிஞ்சாகணும், அதனால இது கண்டிப்பா வேணும். இதுக்கு மேல பி.சி.ஆர்.னு ஒண்ணு இருக்கு, ரெண்டாயிரத்துக்கு மேல போகும். ஸ்மியர்ல பேபீசியாங்கற ஒட்டுண்ணி தெரிஞ்சா ஊசி வேற. இல்லைன்னா டாக்ஸிசைக்ளின் மாத்திரைதான் கொடுக்கப் போறேன். மூணு நாள்ல சாப்பிட ஆரம்பிக்கலைன்னா அப்போ பி.சி.ஆர். எடுப்போம். இன்னிக்கு வேண்டாம்."

இவ்வளவுதான். ஆனால் இதற்குள் எல்லாம் இருக்கிறது. எது அவசியம், ஏன் அவசியம், எவ்வளவு ஆகும், அடுத்த படி எது, அதற்கு எப்போது போவோம், இன்றைக்கு ஏன் வேண்டாம். டெஸ்ட் எழுதுகிற எந்த டாக்டரிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இதில் எந்த ரிசல்ட் வந்தால் நீங்கள் கொடுக்கிற மருந்து மாறும்? மாறும் என்றால் கடன் வாங்கியாவது எடுக்கலாம். மாறாது என்றால் யோசிக்கலாம்.

மருந்துச் சீட்டில் நான்கு வரி எழுதியிருந்தார். டாக்ஸிசைக்ளின் இருபத்தெட்டு நாளைக்கு, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, ஒரு லிவர் டானிக், பிளேட்லெட்டுக்கு என்று பப்பாளி இலை சிரப். எழுதி முடித்துவிட்டு முதல் இரண்டைச் சுற்றி வட்டம் போட்டார். "இந்த ரெண்டும் ஒரு நாள்கூட விடக் கூடாது. கீழே இருக்கற ரெண்டும் வாங்கினாலும் தப்பில்ல, வாங்கலைன்னாலும் தப்பில்ல. அந்தக் காசுல உண்ணி மாத்திரை ஒண்ணு வாங்கிப் போடுங்க." அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். டானிக் இல்லாமல் என்ன வைத்தியம் என்பது அவள் கட்சி. "தம்பி, உடம்புக்குத் தெம்பு வர்றதுக்கு ஏதாவது?" என்று கேட்டாள். "மாத்திரை வேலை செஞ்சா பசி வரும்மா, பசி வந்தா தெம்பு வரும்" என்றார். அதைவிடப் பெரிய சண்டை தயிர் சாதத்துக்கு. பாலும் தயிரும் கூடச் சேர்ந்தால் டாக்ஸிசைக்ளின் உடம்பில் சரியாகச் சேராது. பட்டுவோ தயிர் சாதம் தவிர வேறெதையும் மதிக்காத பிறவி. கடைசியில் கோழி வேகவைத்த தண்ணீரில் சோற்றைப் பிசைந்து மாத்திரையை உள்ளே ஒளித்து வைத்து ஓட்டினோம்.

அந்த மாத்திரை மனிதர்களுக்கும் கொடுக்கிற அதே மாத்திரைதான். நாய் பூனைக்கு எழுதுகிற மருந்தில் நிறைய அப்படித்தான். டாக்ஸிசைக்ளின், பான்டோபிரசோல், மெட்ரோநிடசோல் எல்லாம் தெருமுனை மெடிக்கலிலேயே கிடைக்கும். மக்கள் மருந்தகத்தில் இன்னும் மலிவு. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு முதல்வர் மருந்தகங்களைத் திறந்த பிறகு எங்கள் ஏரியாவில் அதுவும் ஒன்று வந்திருக்கிறது. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருவார்கள். கேட்பதில் ஒன்றும் குறைந்துபோகாது.

ஆனால் மாத்திரை ஒன்றே என்பதால் நாமே டாக்டர் ஆகிவிடக் கூடாது. ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதை உடைக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. நாய்க்கு இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் குடலில் புண் வைத்து ரத்தம் கசிய வைக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2006இலேயே தடை வந்துவிட்டது. அது வேறு கதை. அந்த மருந்து கொடுக்கப்பட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவற்றை இன்னும் எண்ணி எண்ணிக் காப்பாற்றுகிறார்கள். அம்மாவின் முட்டிவலி மாத்திரைப் பெட்டி எங்கள் வீட்டில் பரண் உயரத்தில் இருப்பதற்குக் காரணம் பட்டுவும் கிட்டுவும்தான். நாய்க்குத் தடவுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை பக்கத்திலேயே வரக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வளர்க்கிற வீட்டில் இது தெரியாமல் இருக்க முடியாது.

அதே உண்ணிக் காய்ச்சல் என் சித்தி பையனுடைய லேபரடாருக்கும் வந்தது. அவன் போனது கண்ணாடிக் கதவு வைத்த பெரிய இடம். வாசலில் காபி மெஷின்கூட உண்டு. இரண்டு நாள் அட்மிஷன், எல்லா டெஸ்ட்டும், எக்ஸ்ரே, டிரிப். நாய் பிழைத்துக்கொண்டது. பில் பதினெட்டாயிரத்தைத் தாண்டியது. எனக்கு அந்த பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வரி வரியாகப் பார்த்தேன். தப்பான வைத்தியம் என்று ஒன்றையும் சொல்ல முடியாது. நாய் நிஜமாகவே மோசமாக இருந்திருந்தால் அத்தனையும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அட்மிட் செய்யும்போது ஒருவரும் ஒரு தொகையையும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் நாய் மேல் பாசமில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன் என்றான். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஊரில் இருக்கிற அப்பாவிடம் ஜி.பே. போடச் சொல்லி வாங்கியிருக்கிறான். அட்மிஷன் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம், தொகை இதைத் தாண்டினால் எனக்கு போன் செய்துவிட்டு மேலே செய்யுங்கள் என்று முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்வதை நல்ல இடங்களில் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பிராணிகளுக்கான மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மருந்து, தீனி, ஷாம்பு, முடிவெட்டு இவற்றுக்கு உண்டு. கன்சல்டிங் ஃபீஸுக்கு நேரே வரி போட்டிருந்தால் கவுன்டரில் கேளுங்கள்.

டாக்டர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். வாடகை, கரண்ட், உதவியாளர் சம்பளம், எக்ஸ்ரே மெஷினுக்கான தவணை எல்லாம் அவர்களும் கட்டுகிறார்கள். கடி வாங்குகிறார்கள், பிராண்டல் வாங்குகிறார்கள். இருந்தும் நம் ஆட்கள், ஊசி போட்டதற்குக் காசு சரி, பார்த்ததற்கு எதற்குக் காசு என்று கேட்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து இதை என் காதால் கேட்டிருக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு நாய் கக்கியதை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் வரவில்லையே என்று கோபப்படுகிறார்கள். மொத்த பில்லில் மலிவானது அந்த கன்சல்டிங் ஃபீஸ்தான். எங்கள் டாக்டர் வாங்குவது நானூறு. எதை வாங்க வேண்டாம், எதை எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்வதெல்லாம் அந்த நானூறுக்குள் வருகிறது. கவுன்டரில் நின்று அதில் பேரம் பேசாதீர்கள். என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் என்ன செய்யலாம் என்று உள்ளே உட்கார்ந்து கேட்பது வேறு.

அப்படிக் கேட்கும்போது சில சமயம் வருகிற பதில்: "வேப்பேரி போயிடுங்க." சென்னையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது வெளியூர் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் ஆரம்பித்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன்கீழ் வந்தது. பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் மாட்டாஸ்பத்திரிதான், உள்ளே போனால் நூற்றுக்கு எண்பது நாயாக இருந்தாலும். தோலுக்குத் தனி, கண்ணுக்குத் தனி, இதயத்துக்குத் தனி என்று பிரிவுகள். பிராணிகளுக்கான ரத்த வங்கி. தனியாரில் ஆயிரங்களில் போகிற ஸ்கேனும் ஆபரேஷனும் இங்கே அதில் ஒரு சிறு பங்குதான்.

இலவசமாக எதுவும் வராது என்பதால் அங்கே கொடுப்பது நேரம். காலையில் சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும். பக்கத்தில் ராட்வீலர், எதிரில் சாக்குப் பையில் ஆட்டுக்குட்டி, மூலையில் கூண்டோடு ஒரு பச்சைக்கிளி. உள்ளே மேஜையைச் சுற்றி மாணவர்கள். நாம் சொன்னதையே மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இந்தக் கூட்டம் ஒத்துவராது. தடுப்பூசி போடாத குட்டியைத் தரையில் இறக்கவே கூடாது, இது எந்த ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். ஆனால் மாணவர்கள் சூழ்ந்து நிற்கிற மேஜையில் ஒரு நன்மை உண்டு. பேராசிரியர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நமக்கும் காதில் விழும். ஏன் இந்த மருந்து, ஏன் அது இல்லை என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்கு நிறைய. சாதாரண வாந்தி பேதிக்கு அங்கே போய் அரை நாள் லீவு போடுவது லாபமில்லை. பெரிய ஆபரேஷன், பிடிபடாத நோய், ஸ்கேன் என்றால் யோசிக்கவே வேண்டாம். பக்கத்துத் தெரு டாக்டரும் வேப்பேரியும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, இரண்டும் வேண்டும். வேப்பேரிக்குப் போ என்று தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிற டாக்டர், அதனாலேயே நம்பத் தகுந்தவர் ஆகிவிடுகிறார்.

பட்டுவுக்குக் கருத்தடை ஆபரேஷனை அங்கேதான் செய்தோம். பெட்டை நாய் வளர்ப்பவர்கள் ஆறாயிரம் எட்டாயிரம் என்று கேட்டதும் தள்ளிப்போடுகிற விஷயம் இது. தள்ளிப்போட்டால் வருவது பயோமெட்ரா, கருப்பையில் சீழ். ஹீட், அதாவது இணைசேரும் பருவம், முடிந்து சில வாரம் கழித்து நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். சீழ் வெளியே வடிந்தால் நமக்குத் தெரியும். உள்ளேயே தேங்கினால் தெரியாது, அதுதான் ஆபத்து. அப்புறம் அது நாள் பார்த்துச் செய்கிற ஆபரேஷன் இல்லை, அன்று ராத்திரியே செய்தாக வேண்டிய ஆபரேஷன். செலவு மூன்று நான்கு மடங்கு, பிழைப்பதும் நிச்சயமில்லை. ஸ்வீடனில் பெரும்பாலான நாய்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு என்பதால் அங்கே கணக்குச் சரியாகக் கிடைக்கிறது: கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு பத்து வயதுக்குள் இது வந்துவிடுகிறது. எட்டாயிரம் அதிகமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தடுப்பூசியிலும் அதே கணக்குதான். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. மொத்தச் செலவு பார்வோவுக்கு டிரிப் ஏற்றுகிற ஒன்றிரண்டு நாள் செலவுக்குள் அடங்கிவிடும். வளர்ந்த நாய்க்கு எல்லா ஊசியையும் வருஷா வருஷம் போட வேண்டுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளை முதல் சுற்றும் பூஸ்டரும் முடிந்த நாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டியதில்லை. எலி மூத்திரத்தில் பரவுகிற லெப்டோவுக்கு வருஷம் ஒன்று வேண்டும். மழைத்தண்ணீர் தேங்குகிற நம் ஊரில் அதை விடவே கூடாது, அது நமக்கும் தொற்றும். ரேபிஸில் எந்தச் சிக்கனமும் கிடையாது. ஆனால் அதற்குக் காசே இல்லாமலும் வழி உண்டு. 1885 ஜூலை 6இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் வெறிநாய்க்கடி ஊசி போட்ட நாளின் நினைவாக, வருஷா வருஷம் அந்தத் தேதியை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும். சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் வாங்க ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். எப்படியும் தேவைப்படுகிற காகிதம்.

இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இப்போது சில பொது, தனியார் கம்பெனிகள் நாய்க்கும் பூனைக்கும் பாலிசி தருகின்றன. நான் படித்துப் பார்த்தவரை, ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் கிடையாது, தடுப்பூசி தவறியிருந்தால் அந்த நோய்க்குக் கிடையாது, வயது கூடினால் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், ஆரம்பத்தில் காத்திருப்புக் காலம் வேறு. ஹஸ்கியோ பக்கோ வளர்ப்பவர்களுக்குக் குட்டியிலேயே எடுத்தால் பிரயோஜனம் இருக்கலாம். பக்குக்கு மூச்சு, ஹஸ்கிக்கு நம் வெயில், இரண்டும் செலவுதான். நாட்டு நாய்க்கும் எட்டு வயது தாண்டிய பூனைக்கும் எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாக போஸ்ட் ஆபீஸில் ஒரு ஆர்.டி. போட்டிருக்கிறேன். மாதம் ஆயிரம். வீட்டில் அதற்குப் பெயர் பட்டு பணம். அம்மா அவசரத்துக்கு அதில் கை வைக்கக் கேட்டால் அது நாயோட பணம் என்று சொல்லிவிடுவேன். திட்டுவாள், ஆனால் விட்டுவிடுவாள்.

அந்தப் பணம் இப்போது செலவாவது பட்டுவுக்கு இல்லை, கிட்டுவுக்கு. வயதான பூனைகளுக்கு வருகிற சிறுநீரகக் கோளாறு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறது என்று ரிப்போர்ட் சொல்வதற்குள் சிறுநீரகத்தில் முக்கால் பங்கு போயிருக்கும். தண்ணீராகக் குடித்தான், தண்ணீராகப் போனான், எடை இறங்கியது. வாரத்தில் மூன்று நாள் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். கிளினிக்கில் ஏற்றினால் ஒரு தடவைக்கு ஐந்நூறு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "நீங்களே வீட்ல ஏத்தலாம் சார், கத்துத் தர்றேன்" என்றார்.

ரிங்கர் லாக்டேட் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, கையில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிரிப் செட்டில் காற்றை வெளியேற்றி ஜன்னல் கம்பியில் மாட்ட வேண்டும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைத் தூக்கிப் பிடித்தால் கீழே கூடாரம்போல ஒரு இடைவெளி வரும். ஊசி அதற்குள் போக வேண்டும். பயந்து மெதுவாகக் குத்தினால்தான் வலிக்கும். மறுபக்கம் தோலைத் தாண்டி வந்துவிட்டால் ரோமம் நனையும், அப்போது எடுத்துவிட்டு மறுபடி. நூறு மில்லி இறங்குவதற்குள் முதுகில் ஒரு புடைப்பு எழும்பி, ராத்திரிக்குள் அது மெல்ல ஒரு முன்னங்காலுக்குச் சரிந்து கரைந்துவிடும். முதல் நாள் என் கை நடுங்கியது, அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அம்மாவே ஏற்றுகிறாள், டி.வி. பார்த்துக்கொண்டே. பாட்டில், ஊசி, டிரிப் செட் எல்லாம் சேர்ந்து ஒரு தடவைக்கு நூறு ரூபாய்க்குள் முடிகிறது. கற்றுக்கொடுத்த அன்றைக்கு டாக்டர் வாங்கியது அதே நானூறு.

கடைசியாகக் கேட்டதும் பணத்தைப் பற்றித்தான். இதற்கு மேல் எவ்வளவு செலவு செய்தால் பிரயோஜனம் இருக்கும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இவரிடம் கேட்க எனக்குக் கூச்சமில்லை. அவரும் சுற்றி வளைக்கவில்லை. "தானா சாப்பிடறானா, மண் தட்டுக்குத் தானா போறானா, நீங்க வந்தா எழுந்து வர்றானான்னு பாருங்க. மூணுல ரெண்டு நின்னுபோச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க. அதுக்கப்புறம் நான் டெஸ்ட் எழுத மாட்டேன், வீட்டுக்கு வந்து ஊசி போட்டுத் தூங்க வெச்சிடறேன். ரெண்டாயிரம் ஆகும்." அம்மாவுக்கு அந்தத் தொகையைச் சொன்னது பிடிக்கவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது. அன்றைக்கு இருக்கிற மனநிலையில் என்னால் கேட்க முடியாத ஒன்றை அவர் இன்றைக்கே சொல்லி முடித்துவிட்டார்.

இப்போதைக்கு மூன்றும் நடக்கிறது. எடை போன மாதத்தைவிட நூறு கிராம் கூட. அடுத்த கிரியாட்டினின் பொங்கல் கழித்து, அறுநூறு ரூபாய்.